உள்ளீடற்ற பேஸ் கிற்றார்: உருவமைதியும் காலக்கணிப்பும்

எழுத்துச் சான்று கிடைக்குமிடத்து வரலாற்று மாணவனுக்குக் கவலை குறைவு. பட்டயமோ கடிதமோ பதிவேடோ கையிலிருப்பின் ஆண்டும் பெயரும் அதிலேயே காணப்படும். அத்தகைய சான்று இல்லாதவிடத்து, ஆய்வுக்குரிய பொருளே தன் காலத்தையும் பிறப்பிடத்தையும் உரைக்க வேண்டியதாகின்றது. மட்பாண்டத்தின் விளிம்பையும், நாணயத்தின் முத்திரையையும், கல்வெட்டின் எழுத்தமைதியையும் கொண்டு காலங்கணிக்கும் முறை இத்தேவையிலிருந்தே பிறந்தது. அம்முறை பண்டைக்காலப் பொருள்களுக்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணுவதுண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு, கடையில் விற்கப்பட்ட ஒரு பொருளுக்கும் அதே முறை வேண்டப்படுகின்றது என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட பொருள், 1950களிலும் 1960களிலும் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் உருவான உள்ளீடற்ற பேஸ் கிற்றார்.

பேஸ் கிற்றார் நான்கு தடித்த தந்திகளை உடையது. இசைக்குழுவின் மிகத் தாழ்ந்த சுரங்களை எழுப்புவது. தந்தியின் அதிர்வு, அதன் கீழே பதிக்கப்பட்ட காந்தச் சுருளில் மின்னோட்டமாக மாறி, ஒலிபெருக்கியைச் சென்றடைகின்றது. இச்சுருளை இசைக்கலைஞர் 'பிக்கப்' என வழங்குவர். ஒலியைப் பெருக்குவது மின்சாரமாகையால், வீணைக்கும் வயலினுக்கும் வேண்டப்படும் ஒலியறை இக்கருவிக்கு இன்றியமையாததன்று. திண்மமான மரப்பலகையொன்றே போதும். அவ்வாறிருந்தும், சில ஆக்குநர் ஒலியறையைக் கைவிடவில்லை. மேற்பலகையைக் குவிவாகச் செதுக்கி அல்லது வளைத்து, பக்கப்பலகைகளை வளைத்து ஒட்டி, உள்ளே வெற்றிடம் விட்டு அதனை ஆக்கினர். தேவையற்ற ஓருறுப்பு ஒரு பொருளில் நிலைத்திருப்பின், அதற்குக் காரணம் பெரும்பாலும் அதை ஆக்கியவரின் வரலாற்றிலேயே கிடக்கும். இவ்வினாவை மனத்திற்கொண்டு கருவிகளை நோக்குவோம்.

துளையால் வரும் மயக்கம்

இரட்டைப் பேஸ் எனப்படும் பெரிய வயலினினக் கருவி, ஆளுயரமுடையது. ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லுதற்கு அரியது. மேளமும் கொம்பு வாத்தியங்களும் முழங்குமிடத்துச் செவிக்கு எட்டாதது. இக்குறையை நீக்க 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் திண்ம உடலையுடைய 'பிரிசிஷன் பேஸ்' கருவியை விற்பனைக்கு விட்டார். கிற்றார் போலத் தோளில் தொங்கவிட்டு வாசிக்கத்தக்க இக்கருவியே பேஸ் கிற்றாரைப் பரவலாக்கியது. அதன் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்ரிமீற்றர். மறு ஆண்டிலே சிக்காகோவின் கே நிறுவனம் மெல்லிய உள்ளீடற்ற உடலோடு ஒரு பேஸ் கிற்றாரை வெளியிட்டது. 1953இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் வயலின் வடிவான ஒரு பேஸை வெளியிட்டது. பின்னாளில் 'ஈ.பி.-1' எனப் பெயர்பெற்ற இதன் அடியில், நீட்டவும் சுருக்கவுமான ஓர் ஊன்றுகோல் இருந்தது. வேண்டுவோர் அதனை நிலத்தில் ஊன்றி, இரட்டைப் பேஸ் போல நிமிர்த்தி வாசிக்கலாம். 1955இல் ஜேர்மனியின் ஹொஃப்னர் நிறுவனத்து வால்ற்றர் ஹொஃப்னரும் வயலின் வடிவிலேயே ஒரு பேஸை வகுத்தார். '500/1' என்பது அதன் இலக்கம்.

இவ்விரு வயலின் வடிவக் கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் முதலிலேயே தவறுதல் கூடும். கிப்சனின் மேற்பரப்பில், வயலினிற் காணப்படுவது போன்ற, எஃப் எழுத்து வடிவத் துளை தெரிகின்றது. ஹொஃப்னரின் மேற்பரப்பில் துளையே இல்லை. ஆகவே முன்னது உள்ளீடற்றது, பின்னது திண்மமானது என்று கருதுதல் இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. கிப்சனின் உடல் திண்மமான மஹோகனி மரம். துளை அதன்மேல் வண்ணத்தால் தீட்டப்பட்ட சித்திரமே. ஹொஃப்னரோ ஸ்புரூஸ் மேற்பலகையும் மேப்பிள் முதுகும் பக்கமும் கொண்டு, வயலின் செய்யும் முறையிலேயே உள்ளே வெறுமையாக ஆக்கப்பட்டது. கையிலெடுத்தவுடன் அதன் இலேசான எடை அதனைக் காட்டிக்கொடுக்கும். விரலால் மெல்லத் தட்டினால் உடல் ஒலிக்கும்.

கண்ணுக்குத் தோன்றும் அடையாளத்தை, அது எதன் அடையாளம் என்று உசாவாது ஏற்றல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும் முதற் பாடம். கிப்சனின் துளை வயலினை நினைவூட்டுதற்காகத் தீட்டப்பட்டது. ஹொஃப்னருக்கு அந்நினைவூட்டல் தேவைப்படவில்லை. அதன் காரணத்தை அறிய, அக்கருவியைச் செய்தோரின் ஊருக்குச் செல்லவேண்டும்.

வயலின் ஊரார்

பொஹீமியாவுக்கும் சக்சனிக்கும் இடைப்பட்ட எல்லை மலைப்பகுதி, மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக இசைக்கருவி செய்வோரின் நாடு. சமய நெருக்குதலால் பொஹீமியாவின் கிராஸ்லிட்ஸ் நகரை விட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்து வயலின் தச்சர் பன்னிருவர், 1677இல் எல்லைக்கு அப்பால் சக்சனியின் மார்க்நொய்கிர்கென் நகரில் தம் தொழிற்சங்கத்தை நிறுவினர். எல்லையின் பொஹீமியப் பக்கத்தில், ஷோன்பாக் என்னும் சிற்றூரிலும் இத்தொழில் வேரூன்றித் தழைத்தது. அவ்வூரிலே 1887இல் கார்ள் ஹொஃப்னர் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய மைந்தர் யோசெப்பும் வால்ற்றரும் முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அதில் இணைந்தனர்.

ஷோன்பாக் தொழிலின் தன்மை இங்குக் கருதத்தக்கது. ஒருவரே மரத்தை அறுத்து, செதுக்கி, ஒட்டி, மெருகிட்டு முழுக்கருவியையும் முடிக்கும் வழக்கம் அங்குப் பெரும்பான்மையன்று. ஒரு வீட்டில் கழுத்தும் சுருள்தலையும் செதுக்கப்படும். மற்றொரு வீட்டில் உடல் உருவாகும். குதிரை, முறுக்காணி, வில் என்பவற்றுக்கு வெவ்வேறு குடும்பங்கள் உண்டு. தொழிலறிவு தனிமனிதரிடத்தன்றி ஊரிடத்தில் தங்கியிருந்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் இவ்வூர் கலைந்தது. நாசி ஆட்சி செக்கோஸ்லோவாக்கியாவை ஆக்கிரமித்து இழைத்த கொடுமைகளின் பின்விளைவாக, 1945, 1946ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் ஜேர்மன் மொழி பேசும் மக்கள் பெருந்தொகையினர் வெளியேற்றப்பட்டனர். ஷோன்பாக் 'லூபி' என்னும் செக் பெயரைப் பூண்டது. அங்கிருந்து சென்ற வயலின் தச்சர் பவேரியாவின் எர்லாங்கன் நகரைச் சூழ்ந்த இடங்களை அடைந்தனர். ஹொஃப்னர் குடும்பத்தினரும் மேரென்டோர்ஃப் என்னுமிடத்து முகாமொன்றில் மீண்டும் தொழிலைத் தொடங்கினர். ஷோன்பாக்கில் பிறந்த ஃபிரெட் வில்ஃபர், சிதறிய தொழிலாளரை ஒன்றுசேர்க்கும் நோக்குடன் 1946இல் ஃபிராமுஸ் என்னும் நிறுவனத்தை எர்லாங்கனில் நிறுவினார்.

மேலே கூறிய தொழிற்பிரிவினையை எண்ணிப்பார்ப்பின், இம்மக்கள் தனித்தனியே வெவ்வேறு ஊர்களிற் குடியமர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது விளங்கும். குதிரை செய்பவன் ஓரூரிலும் கழுத்துச் செதுக்குபவன் வேறோரூரிலும் வாழ நேரின், இருவரிடமும் எஞ்சுவது பாதித் தொழிலே. ஒருங்கே குடியேறுதல் அவர்களுக்கு வாழ்வுத் தேவையாயிற்று. எர்லாங்கனை அடுத்த புபென்ரொய்த் என்னும் வேளாண் கிராமம் 1949இல் அவர்களை ஏற்க இசைந்தது. அவ்வாண்டிலேயே குடியேற்றத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சில ஆண்டுகளில் வந்தோர் தொகை பழங்குடிகளின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. 1950களின் தொடக்கத்தில் ஹொஃப்னரும், 1954இல் ஃபிராமுஸும் அங்கு வந்து சேர்ந்தன.

ஆகவே 1955இல் வால்ற்றர் ஹொஃப்னர் ஒரு மின் பேஸை வகுக்க முற்பட்டபோது, அவரைச் சூழ்ந்திருந்தோர் வயலின் இனக் கருவிகளைச் செய்தே கைபழகியவர். குவிந்த மேற்பலகையும், வளைத்த பக்கமும், பசையால் உடலோடு இறுகப் பிணைத்த கழுத்தும் அவர்களுக்கு மரபுவழி வந்தவை. திண்மப் பலகையை அறுத்துத் திருகாணியால் கழுத்தை முடுக்கும் ஃபெண்டர் முறை, அவ்வூருக்குப் புதிது. இரட்டைப் பேஸ் வாசிப்போரைத் தம் கருவிக்கு ஈர்க்கவேண்டும் என்ற வணிக நோக்கமும் வயலின் வடிவைத் தெரிவதற்குத் துணைநின்றது. மின்கருவிக்கு வேண்டாததெனத் தோன்றும் ஒலியறை, இடம்பெயர்ந்த ஓர் ஊரின் கைத்திறன் பதிந்த இடமாகின்றது. தீட்டிய துளையால் வயலினை நினைவூட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு எழாமை இதனால் விளங்கும்.

500/1 கருவியின் காலநிரை

வகை இன்னதென அறிந்தபின், ஆண்டை அறிதல் அடுத்த பணி. 500/1 கருவி பல்லாண்டுகள் தொடர்ந்து ஆக்கப்பட்டது. புறவடிவம் பெரிதும் மாறாதிருக்க, உறுப்புகள் சிறிது சிறிதாக மாறின. அம்மாற்றங்களே காலக்கணிப்புக்கு ஆதாரம். தந்தி நீளம் 30 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 76 சென்ரிமீற்றராக அமைந்தமையும், தந்திகளின் அடிமுனை ஓர் உலோகப் பிடியிற் கோக்கப்பட்டு, குதிரை மேற்பலகையில் ஒட்டப்படாது தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்பதும் பொதுப் பண்புகள். குதிரையின் மரத்தில், தந்தி தாங்குதற்கென, கழுத்தின் மெட்டுகளுக்குப் பயன்படும் உலோகக் கம்பித் துண்டுகள் செருகப்பட்டிருக்கும்.

முதலில் நோக்கத்தக்கது கட்டுப்பாட்டுத் தகடு. தொடக்ககாலக் கருவிகளில் இது நீள்வட்ட வடிவானது. 1960களின் கருவிகளில் நீள்சதுரமானது. நீள்சதுரத் தகட்டில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இரண்டும், நகர்த்தும் ஆளிகள் மூன்றும் அமைந்திருக்கும்.

இரண்டாவது, பிக்கப்புகளின் இடம். 1961ஆம் ஆண்டுக் கருவிகளில் இரு பிக்கப்புகளும் கழுத்தின் முனையை அண்டி, ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். ஏறத்தாழ 1962 அளவில் இரண்டாவது பிக்கப் குதிரையருகே இறக்கப்பட்டது. தந்தி குதிரையை நெருங்குந்தோறும் அதன் அதிர்வு சுருங்கி, ஒலி கூர்மையடைகின்றது. இரு பிக்கப்புகளும் கழுத்தருகே இருப்பின், அவற்றின் ஒலிகளிடையே வேறுபாடு சிறிதே. ஒன்றைக் குதிரையருகே வைத்தபோது தாழ்ந்த உருண்ட ஒலியும் தெளிந்த கூரிய ஒலியும் ஒரே கருவியிற் கிடைத்தன. இம்மாற்றத்தைப் புகைப்படத்திலும் எளிதிற் காணலாமாதலால், பழைய நிழற்படங்களை ஆராய்வோருக்கு இது முதன்மையான அடையாளமாயிற்று.

மூன்றாவது, பிக்கப்புகளின் முகம். 1961 அளவிலுள்ளவற்றில் சாய்சதுரக் கட்டத்துள் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 1963 முதல், காகிதங்களைப் பிணைக்கும் கம்பி ஊசியின் முதுகுபோலச் சிறு உலோகக் கோடுகள் நிரையாகத் தோன்றும் வகை வந்தது. 1960களின் பிற்பகுதியில், நீண்ட ஒரே உலோகத் தகடு முகப்பில் ஓடும் வகை அதன் இடத்தைப் பிடித்தது. நான்காவது, தலைப்பகுதியிலுள்ள பெயர். 1961 அளவில் அது சிறியதாய்க் குறுக்கே அமைந்தது. 1963 அளவில் புடைத்த எழுத்துகளால் நெடுக்காக அமைந்தது.

இவ்வேறுபாடுகளை அட்டவணையாக்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வோர் அடையாளம் என வகுத்தல் எளிது, ஆனால் ஆபத்தானது. தொழிற்சாலை பழைய உறுப்புகளை எறிந்துவிட்டுப் புதியவற்றுக்குத் தாவுவதில்லை. கைவசமிருந்தவை தீரும்வரை அவற்றையும் பயன்படுத்தும். ஆகவே ஒரு காலத்துத் தகடும் அதற்கடுத்த காலத்துப் பிக்கப்பும் ஒரே கருவியில் நேர்மையாகவே கூடியிருத்தல் இயலும். தனியொரு உறுப்பைக் கொண்டு முடிவுகூறாது, எல்லா உறுப்புகளும் ஒருங்கே இசையும் காலப்பகுதி எதுவெனக் காண்பதே முறை.

இலக்கங்கள் கூறுவனவும் மறைப்பனவும்

கருவியில் தொடரிலக்கம் இருக்குமே, அதைக் கொண்டு ஆண்டை அறியலாகாதா என்று ஒருவர் வினவலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் விடை வேறுபடும். ஃபிராமுஸ் இவ்வகையில் ஆய்வாளனின் நண்பன். இரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் பில் வைமன் 1960களில் வாசித்த உள்ளீடற்ற 'ஸ்ரார் பேஸ்' இந்நிறுவனத்தினது. இதன் தொடரிலக்கத்தைத் தொடர்ந்து ஆண்டைக் குறிக்கும் ஈரிலக்கமும், மாதத்தைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். '63' என்னும் இலக்கத்தின் பின் பன்னிரண்டாம் எழுத்தாகிய 'எல்' நிற்பின், கருவி 1963 டிசம்பருக்குரியது.

கிப்சனின் நிலை வேறு. 1958இல் இந்நிறுவனம் 'ஈ.பி.-2' என்னும் பேஸை வெளியிட்டது. மெல்லிய உடல், இருபுறமும் மெய்யாகவே வெட்டிய எஃப் வடிவத் துளைகள், 30½ அங்குலத் தந்தி நீளம் என்பன இதன் இயல்புகள். முழுதும் உள்ளீடற்ற உடல் ஒலிபெருக்கியின் ஒலியைத் தானும் வாங்கி அதிர்ந்து, அவ்வதிர்வு மீண்டும் பிக்கப்பில் ஏறி, கட்டுக்கடங்கா ஊளையாகப் பெருகுவதுண்டு. இதனைக் குறைக்க, ஈ.பி.-2 கருவியின் நடுவே மரக்கட்டை ஒன்று நெடுக்காக வைக்கப்பட்டது. துளையினூடே நோக்குவோர் அக்கட்டையின் பக்கத்தைக் காணலாம். எனவே இது 'அரை உள்ளீடற்ற' வகையினது. கிப்சன் 1957இல் எபிஃபோன் நிறுவனத்தை வாங்கியபின், ஈ.பி.-2 கருவியின் உடன்பிறப்பாகிய 'றிவோலி' என்னும் பேஸும் கலமசூவிலேயே ஆக்கப்பட்டது. துளையினூடே தெரியும் ஒட்டுத்தாளின் நிறம் இரண்டையும் பிரித்துக்காட்டும்: கிப்சனுக்குச் செம்மஞ்சள், எபிஃபோனுக்கு நீலம்.

1960களில் கிப்சன் ஒரே தொடரிலக்கத்தை வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பொறித்தது. ஆதலின் அக்காலக் கருவியொன்றின் இலக்கம், தனித்து நின்று ஆண்டை உறுதிப்படுத்தாது. ஆய்வாளன் வேறு சான்றுகளை நாடவேண்டும். 1952 முதல் 1961 வரையான உள்ளீடற்ற கருவிகளின் உட்புறத்தில் தொழிற்சாலைக் கட்டளை இலக்கம் ஒன்று குத்தப்பட்டது. அதன் முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும். 1952இல் 'இசட்' எனத் தொடங்கி, ஆங்கில நெடுங்கணக்கிற் பின்னோக்கி நடந்து, 1958இல் 'ரி', 1959இல் 'எஸ்', 1960இல் 'ஆர்' என அது அமையும். முறுக்காணிகளும் துணைபுரியும். தொடக்ககால ஈ.பி.-2 கருவிகளின் முறுக்காணிகள் பான்ஜோ வாத்தியத்திற்போலத் தலையின் பின்புறம் நோக்கி நீண்டிருக்கும்; 1960களில் அவை பக்கவாட்டில் நீள்வனவாயின.

மிக நுண்ணிய சான்று, கண்ணிற்படாத மின்னுறுப்பில் உள்ளது. ஒலியளவுக் குமிழின் அடியிலிருக்கும் மாறுந்தடையின் உறையில், அமெரிக்க உற்பத்தியாளர் ஏழிலக்க எண்ணொன்றைக் குத்துவதுண்டு. '1376633' என்றிருப்பின், முதல் மூன்றிலக்கம் உற்பத்தியாளரையும், அடுத்த இரண்டு 1966ஆம் ஆண்டையும், இறுதி இரண்டு அவ்வாண்டின் முப்பத்துமூன்றாம் வாரத்தையும் சுட்டும். இதனால் அக்கருவி 1966 ஓகஸ்டில் ஆக்கப்பட்டதென்று துணிதல் தவறு. மாறுந்தடை பெட்டியிற் பலமாதம் கிடந்த பின்னர் பொருத்தப்பட்டிருக்கலாம். அதற்கு முன் ஆக்கப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே பெறப்படும். அதுவுங்கூட, அவ்வுறுப்பு தொடக்கம் முதலே அங்கிருந்ததாயின் மட்டுமே பொருந்தும். இணைப்பிலுள்ள ஈயப்பற்று மீண்டும் உருக்கப்பட்ட தடயம் காணப்படின், சான்றின் வலு குன்றிவிடும். புதைகுழியொன்றின் காலத்தை அதனுட் கிடைத்த மிகப் பிந்திய நாணயத்தால் வரையறுக்கும் தொல்லியலாளரும் இதே தருக்கத்தையே பின்பற்றுகின்றனர்.

போலியும் மாற்றமும்

பீற்றில்ஸ் இசைக்குழுவின் புகழ் 1960களில் உலகெங்கும் பரவியபோது, வயலின் வடிவப் பேஸ் பெருவிருப்புக்குரியதாயிற்று. இத்தாலியின் றெக்கனாற்றி நகரிலிருந்த ஈக்கோ நிறுவனமும், ஜப்பானிய ஆக்குநர் பலரும் அவ்வடிவில் கருவிகளைச் செய்தனர். இவை தம் பெயரிலேயே விற்கப்பட்டவரையில் குற்றமற்றவை. காலப்போக்கில் தலையிலுள்ள பெயர் அகற்றப்பட்டு வேறு பெயர் ஒட்டப்படுமிடத்தே போலி பிறக்கின்றது. அத்தகையவற்றை அறிதற்குக் கழுத்தின் அடியைப் பார்த்தல் வேண்டும். ஹொஃப்னர் 500/1 கருவியில் கழுத்து பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். ஈக்கோவின் கருவியிலும் பல ஜப்பானியக் கருவிகளிலும், முதுகுப்புறத்தே தகடும் திருகாணிகளும் காணப்படும். திருகாணி இருப்பின் அது 1960களின் 500/1 அன்று எனத் துணியலாம். திருகாணி இல்லாமை மட்டும் அது ஹொஃப்னர் என்பதை நிறுவாது. எதிர்மறைச் சான்றுக்கும் உடன்பாட்டுச் சான்றுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறந்து ஏமாந்தோர் பலர்.

பெயர்களை மாற்றாமலும் கருவி மாறும். உடைந்த முறுக்காணி மாற்றப்படும். தேய்ந்த மெருகு மேல் புது மெருகு பூசப்படும். ஒலியில் நிறைவுறாதோர் பிக்கப்பையே மாற்றுவர். அமெரிக்கக் கில்ட் நிறுவனத்தின் 'ஸ்ரார்ஃபயர்' பேஸ் 1965இல் வெளிவந்தபோது சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் செய்த பிக்கப்பைத் தாங்கியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கிறேற்புள் டெட் குழுவைச் சேர்ந்த பில் லெஷ், ஜெபர்சன் எயர்பிளேன் குழுவைச் சேர்ந்த ஜக் கசாடி ஆகியோரின் ஸ்ரார்ஃபயர் கருவிகள் உள்ளுறுப்புகளெல்லாம் திருத்தியமைக்கப்பட்டன. அப்பணியிலிருந்தே அலெம்பிக் என்னும் புதிய கருவித் தொழிலகம் வளர்ந்தது. பழம்பொருள் வணிகர் மாற்றமுற்ற கருவியின் விலையைக் குறைப்பர். வரலாற்று மாணவன் அவ்வளவுகோலைக் கடன்வாங்குதல் தகாது. எந்த மாற்றம், யாரால், எப்போது, எதற்காக என்னும் வினாக்களுக்கு விடை கிடைப்பின், அம்மாற்றமே ஆவணமாகிவிடும். இதற்குத் தக்க சான்றாக ஒரு கருவியின் கதையைக் கூறலாம்.

காணாமற்போன கருவி

1960இல் லிவர்பூலில் ஸ்ருவேட் சட்கிளிவ் என்னும் ஓவிய மாணவர், தாம் வரைந்த படமொன்று விலைபோன பணத்தைக் கொண்டு ஹொஃப்னரின் 500/5 என்னும் பெரிய உள்ளீடற்ற பேஸை வாங்கிப் பீற்றில்ஸ் குழுவில் வாசித்தார். 1961இல் அவர் குழுவை விட்டு ஹம்பேர்க்கில் ஓவியம் பயில நின்றபோது, பேஸ் வாசிக்கும் பொறுப்பு போல் மக்கார்ட்னியிடம் வந்தது. அவ்வாண்டிலே ஹம்பேர்க் நகரில், ஏறத்தாழ 30 பவுணுக்கு, அவர் ஒரு 500/1 வாங்கினார். அவர் இடக்கையர். வயலினின் இருபுறமும் ஒத்த வடிவம், இடக்கையால் வாசிப்பவர் கையிலும் கோணலாகத் தோன்றாதென்பது அதனைத் தெரிந்தமைக்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1963இல் இரண்டாவது 500/1 அவர் கைக்கு வந்தது. மேற்கூறிய அடையாளத்தால் இரண்டையும் எந்தப் படத்திலும் வேறுபிரிக்கலாம்: பிக்கப்புகள் நெருங்கி நிற்பின் அது 1961க்குரியது, அகன்று நிற்பின் 1963க்குரியது.

பழையது 1964இல் திருத்தத்துக்கு அனுப்பப்பட்டது. உடல் முழுதும் புதிதாகக் கருமை மிகுந்த சாய மெருகு பூசப்பட்டது; தளர்ந்துபோன இரு பிக்கப்புகளையும் ஒருசேரத் தாங்கும் ஒற்றைச் சட்டம் பொருத்தப்பட்டது. 1969 ஜனவரியில் எடுக்கப்பட்ட திரைப்படக் காட்சிகளில் அக்கருவி காணப்படுகின்றது. அதன்பின் அது மறைந்துவிட்டது. அம்மாதத்திலேயே அது களவுபோயிற்று என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. கடைசியாகக் கண்ட நாளையே இழந்த நாளாகக் கொண்ட இந்நம்பிக்கை, சான்றின்மையைச் சான்றாக எடுத்துக்கொண்டதன் விளைவு. 2023இல் அக்கருவியைத் தேடும் முயற்சி பகிரங்கமாக அறிவிக்கப்பட்டபோது, அக்காலத்தில் மக்கார்ட்னியின் பிற்காலக் குழுவாகிய 'விங்ஸ்' உடன் பணியாற்றியோரின் நினைவுகள் வெளிவந்தன. களவு 1972 ஒக்ரோபரில், இலண்டனின் நொற்றிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வாகனத்திலிருந்து நடந்தது என்பது தெளிவாயிற்று. இடமும் காலமும் திருந்தியபின்னரே தேடல் சரியான திசையில் திரும்பியது. இங்கிலாந்தின் தென்பகுதி வீடொன்றின் பரணிற் கிடந்த பேஸ் வெளிப்பட்டு, ஹொஃப்னர் நிறுவனத்தாரால் மெய்யென உறுதிசெய்யப்பட்டு, உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அது பழுதுற்றிருந்தது, ஆயினும் முழுமையாகவும் தன் பெட்டியோடும் இருந்தது.

1961ஆம் ஆண்டுக்குரிய இடக்கைக் கருவி என்பதே அரிய பண்பு. எனினும் அது ஒரு வகைக்குரிய அடையாளம். அவ்வகையில் வேறொன்றும் இருத்தல் கூடும். அவ்வொரு கருவிக்கே உரிய அடையாளங்கள் 1964இன் மெருகும் ஒற்றைச் சட்டமுமே. தொழிற்சாலை தந்த தூய நிலையை அளவுகோலாகக் கொள்வோர் குறையென ஒதுக்கும் மாற்றங்கள், அதை மற்றெல்லாவற்றிலிருந்தும் பிரித்துக்காட்டும் தழும்புகளாயின. ஐம்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைந்திருந்த ஒன்றை உடையவர் தம்முடையதெனக் கொள்வதற்கு இத்தகைய சான்றுகள் வேண்டியிருந்தன.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உள்ளீடற்ற பேஸ் கிற்றாரின் அடையாளங்கள் மூன்று அடுக்கினவாதல் புலனாகும். குவிந்த மேற்பலகையும் ஒட்டிய கழுத்தும் ஆக்கியோரின் மரபைக் கூறும். தகடு, பிக்கப், ஒட்டுத்தாள், இலக்கம் என்பன ஆக்கிய ஆண்டைக் கூறும். மெருகும் திருத்தமும் தேய்மானமும் அக்கருவி யார் கையில் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் கூறும். ஓரடுக்கின் சான்றை மற்றோரடுக்கின் வினாவுக்கு விடையாக்கும்போதே பிழை நேர்கின்றது. வடிவத்தைக் கொண்டு ஆண்டு கூறுவோரும், இலக்கத்தைக் கொண்டு உடைமை கூறுவோரும் இப்பிழைக்கு ஆளாகின்றனர்.

வரலாற்றில் இடம்பெறாதோர் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். புகழ்பெற்ற இசைஞரின் பெயரால் இக்கருவிகள் நினைக்கப்படுகின்றன. அவற்றின் மேற்பலகையை வளைத்தவரும் கழுத்தைச் செதுக்கியவரும் தம் பெயரை அதில் எழுதவில்லை. ஊரை இழந்து, மொழியறிந்த வேறோரூரில் வந்தேறிகளாய், முகாமில் மீண்டும் உளியைக் கையிலெடுத்தவர் அவர்கள். எழுதப்படாத அவர்தம் வரலாறு அவர்கள் ஒட்டிய பலகையில் இருக்கின்றது. ஊர் கலைந்த பின்னரும் ஊரின் கைப்பழக்கம் கலையாதிருந்தது என்பதற்கு, மின்கருவியொன்றின் உள்ளே அவர்கள் விட்டுவைத்த அவ்வெற்றிடம் சான்றாகின்றது. அதனை வாசிக்கப் பழகுதலும் வரலாற்றுக் கல்வியின் ஒரு கூறேயாம்.